தேளின் இனம் அறிவோம்

கோடை மழை பெய்ததும் விறகுக் குவியல், வைக்கோற்போர், இடிந்த சுவர் முதலிய இடங்களிலிருந்து தேள்கள் வெளிப்படுவதை நாம் காண்கிறோம். பெரிய கருந்தேளைக் கண்டால் அஞ்சி ஓடுகிறோம். சிறிய செந்தேளைக் கண்டால் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். உண்மையோ இதற்கு நேர்மாறானது. ஆதலின் தேளின் இனங்களைக் கிராம மக்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

தேள் பூச்சியன்று. பூச்சிக்குக் கால்கள் ஆறு, தேளுக்கு எட்டு. அது சிலந்தியின் உறவினம். உலகில் 2,500-க்கு மேற்பட்ட தேள் வகைகளும், இந்தியாவில் 100-க்கு மேற்பட்டவையும் கண்டறியப்பட்டுள்ளன. இவற்றுள் நமக்குப் பழக்கமானவை இரண்டு.

முதலாவது, நட்டுவாக்காலி எனப்படும் பெரிய கருந்தேள். இதில் சில 15 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். இதன் முன்கைகள் நண்டின் கைகளைப் போலப் பருத்திருக்கும், வால் மெலிந்திருக்கும். இரையைக் கைகளாலேயே நசுக்கிவிடுவதால் விஷத்தின் துணை இதற்கு அதிகம் வேண்டுவதில்லை. கொட்டினால் வலி உண்டு. உயிருக்கு ஆபத்து நேர்வது அரிது.

இரண்டாவது, செந்தேள். நீளம் 5 முதல் 9 சென்டிமீட்டர் வரையே. கைகள் மெலிந்திருக்கும், வால் தடித்திருக்கும். கைகளில் வலு இல்லாமையால் இரையை விஷத்தால் அடக்குகிறது. குழந்தைகளின் உயிருக்கு உலைவைக்கக்கூடியது இதுவே.

நிறத்தை மட்டும் நம்பலாகாதா என்று சிலர் கேட்கலாம். நம்பலாகாது. செந்தேள் ஒன்றே ஓரிடத்தில் செம்மஞ்சளாகவும், மற்றோரிடத்தில் மங்கிய பழுப்பாகவும் காணப்படும். தேள் வளரும்போது பன்முறை சட்டை உரிக்கும். புதிதாக உரித்த தேள் வெளிறித் தோன்றும். சூல்கொண்ட பெண் தேளின் உடல் பருத்துத் தெரியும். எனவேதான் விலங்கியலார் நிறத்தோடு நில்லாது, அடிப்புறத்து மார்புத் தகட்டையும் ஆராய்கின்றனர். செந்தேளின் குடும்பத்தில் அத்தகடு முக்கோண வடிவினது. நட்டுவாக்காலியின் குடும்பத்தில் ஐங்கோண வடிவினது. டென்மார்க்கு நாட்டு அறிஞர் பாப்ரீசியசு 1798-இல் செந்தேளுக்கு இட்ட 'தமுலஸ்' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. ஆனால் அதன் பேரினப் பெயரோ பூத்தஸ், மீசோபூத்தஸ், ஹாட்டன்டாட்டா என ஆராய்ச்சி வளர வளர மாறி வந்துள்ளது.

ஒன்றை மறவாதிருப்போமாக: கையும் வாலும் காட்டும் அடையாளம் எச்சரிக்கைக்கு மட்டுமே, வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதற்கு அன்று. எத்தேள் கொட்டினாலும், முக்கியமாகக் குழந்தையைக் கொட்டினால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மிகுந்த வியர்வை, வாந்தி, கைகால் சில்லிடுதல், மூச்சுத்திணறல் ஆகியவை அபாயக் குறிகள். கொட்டிய இடத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், மந்திரிப்பதற்காகக் காத்திருப்பதும் கூடாது. மகாராஷ்டிரத்துக் கொங்கணப் பகுதியில் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், பிராசோசின் என்னும் மருந்து செந்தேள் விஷத்தின் கேட்டைத் தணிப்பதை 1986-இல் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பல. ஆயினும் அதை வைத்தியரே அளித்தல் வேண்டும். நோயாளி காலத்தில் வந்து சேர்ந்தால்தான் அது பயன்தரும்.

வருமுன் காப்பது நம் கையில் உள்ளது. சுவர் வெடிப்புகளைப் பூசுதல், விறகையும் கல்லையும் வீட்டுக்கு அப்பால் அடுக்குதல், செருப்பையும் துணியையும் உதறி அணிதல், இரவில் விளக்கின்றி நடவாதிருத்தல் ஆகியவை செலவில்லாத காரியங்கள். புற ஊதா விளக்கொளியில் தேள் பசுமையாக ஒளிர்வதால், அத்தகைய கைவிளக்கைக் கொண்டு இரவில் அதை எளிதில் கண்டுபிடிக்கலாம். பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள கற்குவியல்களைப் பஞ்சாயத்துகள் கோடை மழைக்கு முன்னரே அகற்றிவிட்டால், பல பெற்றோரின் கண்ணீரைத் தடுத்த புண்ணியம் அவற்றைச் சேரும்.