விஷம் வாங்கியவர் யார் என்பது கடைக்காரருக்குத் தெரியும்

1921 அக்டோபர் 26. இங்கிலாந்தும் வேல்ஸும் தொட்டுக்கொள்ளும் எல்லையில், வை நதிக்கரையில் ஹே என்றொரு சின்ன ஊர். அங்கே வக்கீல் தொழில் செய்துவந்த ஹெர்பர்ட் ரௌஸ் ஆர்ம்ஸ்ட்ராங், எதிர்ப்புறத்தில் அலுவலகம் வைத்திருந்த சக வக்கீல் ஆஸ்வால்ட் மார்ட்டினைத் தன் வீட்டுக்குத் தேநீர் குடிக்க அழைத்திருந்தார். ஒரு நில விற்பனை இழுத்துக்கொண்டே போனதில் இருவருக்கும் மனத்தாங்கல். மேஜையில் வெண்ணெய் தடவிய ஸ்கோன் ரொட்டி. ஆர்ம்ஸ்ட்ராங் தட்டை நகர்த்தவில்லை. ஒன்றைக் கையாலேயே எடுத்து, விரலால் கொடுப்பதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டு நீட்டினார். அன்றிரவு மார்ட்டின் வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டார்.

இன்று ஹே என்றாலே உலகெங்கும் நினைவுக்கு வருவது பழைய புத்தகம். 1960களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் பூத் என்பவர் அங்கே ஒரு பழைய தீயணைப்பு நிலையத்தில் புத்தகக் கடை போட்டார். கப்பல் கப்பலாகப் புத்தகம் கொண்டுவந்து குவித்தார். பிறகு வேறு பலரும் கடை திறக்க, ஊரே புத்தகச் சந்தை ஆயிற்று. 1977 ஏப்ரல் 1ஆம் தேதி பூத், ஹே ஒரு தனி நாடு என்றும் தானே அதன் ராஜா என்றும் அறிவித்துக்கொண்டார். முட்டாள்கள் தினத்து வேடிக்கைதான். ஆனால் அதனால் கிடைத்த விளம்பரம் ஊருக்குச் சோறு போட்டது. 1988இல் தொடங்கிய இலக்கிய விழா இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

இந்த ஊரின் சாயலில் அமெரிக்காவில் ஒரு கற்பனை ஊர் பிறந்தது. லோர்னா பாரெட் எழுதும் துப்பறியும் நாவல் வரிசையில் வரும் ஸ்டோன்ஹாம் அது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹேயைப் பார்த்துத் தன்னைப் புத்தக ஊராக மாற்றிக்கொண்ட சிற்றூராக அவர் அதைப் படைத்தார். முதல் நாவல் 2008இல் வந்தது. மர்மக் கதைப் புத்தகங்களை மட்டும் விற்கும் டிரிஷியா மைல்ஸ் என்ற பெண்தான் அதில் துப்பறிகிறாள். அதற்கு முன்பே, 1987இல், கரோலின் ஹார்ட் தென் கரோலினாவை ஒட்டிய ஒரு கற்பனைத் தீவில் இப்படியொரு கடையைத் திறந்துவிட்டார். அந்தக் கடைச் சுவரில் மாதாமாதம் புது ஓவியங்கள் மாட்டப்படும். ஒவ்வொன்றும் ஒரு மர்ம நாவலின் காட்சி. எந்த நாவல், யார் எழுதியது என்று கண்டுபிடிக்கும் வாடிக்கையாளருக்குப் பரிசு உண்டு.

இந்த வகைக் கதைகளுக்கு ஆங்கிலத்தில் ‘கோஸி’ என்று பெயர். கதகதப்பான, மனதுக்கு இதமான என்று பொருள். கொலை நடக்கும், ஆனால் ரத்தம் பக்கங்களில் சிந்தாது. துப்பறிபவர் போலீஸ்காரர் அல்ல, ஊரில் ஒருவர். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் இந்தக் குடும்பத்துக்குப் பாட்டி மாதிரி. அவர் துப்பறிந்த முதல் நாவல் 1930இல் வெளியானது. கிராமத்தில் தோட்டவேலையும் பின்னல்வேலையுமாக இருக்கும் அந்த முதியவர், மனித சுபாவத்தைத் தன் ஊரிலேயே படித்து முடித்தவர்.

இத்தனை எழுத்தாளர்கள் துப்பறிபவரைக் கொண்டுபோய்ப் புத்தகக் கடையில் உட்காரவைப்பது ஏன்? அது அழகான இடம் என்பதற்காக மட்டும் இருக்காது. போலீஸுக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு, சாதாரண ஆளுக்கு இல்லை. அவர் யார் வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்க முடியும்? புத்தகக் கடைக்காரருக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. சந்தேகத்துக்குரியவர்களே படியேறி வருவார்கள். அலமாரி முன்னால் நின்று நேரம்போவது தெரியாமல் பேசுவார்கள். யார் எதைப் படிக்கிறார், யார் திடீரென்று வேறு மாதிரிப் புத்தகம் கேட்கிறார், யார் கடன் சொல்ல ஆரம்பித்திருக்கிறார் என்பதெல்லாம் கல்லாவில் இருப்பவருக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

ஹேயில் நிஜமாக நடந்ததும் இதுதான். அங்கே முதலில் துப்பறிந்தவர் ஒரு கடைக்காரர்.

அவர் ஜான் டேவிஸ், ஊரின் மருந்துக்கடைக்காரர், மார்ட்டினுக்கு மாமனாரும்கூட. பிரிட்டனில் 1851இல் வந்த சட்டப்படி, ஆர்சனிக் விற்பவர் யார் வாங்கினார், எவ்வளவு, எதற்காக என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தோட்டத்துக் களையைக் கொல்ல என்று சொல்லி ஆர்ம்ஸ்ட்ராங் தன் கடையில் ஆர்சனிக் வாங்கியது டேவிஸுக்கு நினைவிருந்தது. மருமகன் தேநீருக்குப் போய்வந்து படுத்ததும் அவர் மனம் இரண்டையும் முடிச்சுப்போட்டது. சில வாரங்களுக்கு முன்பு மார்ட்டின் வீட்டுக்குத் தபாலில் வந்த ஒரு சாக்லேட் பெட்டியும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அனுப்பியவர் பெயர் அதில் இல்லை. அதைச் சாப்பிட்ட உறவுக்காரப் பெண் ஒருவருக்கும் உடம்பு முடியாமல் போயிருந்தது.

ஊர் டாக்டரான ஹிங்க்ஸ், மார்ட்டினின் சிறுநீரையும் மிச்சமிருந்த சாக்லேட்டையும் லண்டனுக்குச் சோதனைக்கு அனுப்பினார். இரண்டிலும் ஆர்சனிக். போலீஸ் சத்தமில்லாமல் விசாரிக்கத் தொடங்கியது. ஆர்ம்ஸ்ட்ராங்குக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது. எனவே மார்ட்டினால் யாரிடமும் எதுவும் சொல்ல முடியவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங்கோ திரும்பத் திரும்பத் தேநீருக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எதிரெதிர் அலுவலகம், தினமும் முகத்தில் விழிக்க வேண்டும். வாரக்கணக்கில் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்த அந்த மனிதரின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும்! எந்த நாவலாசிரியரும் இதைவிட இறுக்கமான ஒரு காட்சியை எழுதிவிட முடியாது.

1921 டிசம்பர் 31 அன்று கைது. அப்போது ஆர்ம்ஸ்ட்ராங்கின் சட்டைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம் ஆர்சனிக் இருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் இறந்திருந்த அவர் மனைவி கேத்தரினின் உடலைத் தோண்டி எடுத்தார்கள். தடயவியல் நிபுணர் பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரி பரிசோதித்தார். அந்த உடலிலும் ஆர்சனிக், அதுவும் மிக அதிகமாக. வழக்கு மனைவியின் கொலை வழக்காக மாறியது.

1922 ஏப்ரலில் ஹெரஃபோர்டில் விசாரணை. டேண்டிலியன் களையின் ஒவ்வொரு வேருக்கும் ஒரு பொட்டலம் வீதம் 20 பொட்டலம் மடித்ததாகவும், 19ஐப் பயன்படுத்தியதாகவும், மீந்த ஒன்றுதான் பையில் இருந்ததாகவும் ஆர்ம்ஸ்ட்ராங் சொன்னார். மொத்தமாக எடுத்துப்போய்க் குழியில் கொட்டாமல் எதற்கு 20 பொட்டலம் என்று நீதிபதி டார்லிங் குடைந்து கேட்டார். அதற்கு நம்பும்படியான பதில் வரவில்லை. மே 31 அன்று குளோஸ்டர் சிறையில் தூக்கு. பிரிட்டனில் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட ஒரே சொலிசிட்டர் அவர்தான். 1931இல் பிரான்சிஸ் ஐல்ஸ் எழுதிப் புகழ்பெற்ற ‘மாலிஸ் அஃபோர்தாட்’ நாவலில் இந்த வழக்கின் சாயல் பலமாகவே உண்டு.

கோஸி நாவலில் கடைசி அத்தியாயத்தோடு ஊர் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஹேயில் அப்படி நடக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து மார்ட்டின் பீல்ஸ் என்ற வக்கீல் அதே ஊரில் தொழில் செய்தார். ஆர்ம்ஸ்ட்ராங் இருந்த அதே அலுவலகம். குடியிருந்ததும் ஆர்ம்ஸ்ட்ராங் வாழ்ந்த அதே வீடு. வழக்கை முதலிலிருந்து தோண்டிப் பார்த்த அவர், ஆர்ம்ஸ்ட்ராங் குற்றமற்றவர் என்று வாதாடி 1995இல் ஒரு புத்தகமே எழுதினார். கேத்தரின் மனநோய்க்கு மருத்துவமனையில் இருந்து திரும்பியவர், அவரே விஷம் குடித்திருக்கலாம் என்று ஆர்ம்ஸ்ட்ராங் தரப்பு அன்றே சொல்லிய வாதத்துக்கு அதனால் மறுபடி உயிர் வந்தது. எல்லோரும் அதை ஏற்கவில்லை. அந்த 20 பொட்டலங்களைத் தாண்டி வருவது சுலபமில்லை.

ஊர் நடுவே உள்ள கோட்டை வளாகத்தில் திறந்தவெளியில் புத்தக அலமாரிகள் வைத்திருக்கிறார்கள். அங்கே கல்லாவில் யாரும் இல்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு, காசை உண்டியலில் போட்டுவிட்டுப் போகலாம். யார் எதை வாங்கினார் என்று எழுதிவைக்கப் பதிவேடு எதுவும் கிடையாது.