எஃகும் கண்ணாடி இழையும்

கட்டுமரமும் வள்ளமும் நிறைந்திருந்த நம் கடற்கரைகளில், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழைப் படகுகள் பெருகிவிட்டன. துருவும் உளுப்பும் அறியாத இப்பொருள் படகுக்கு இத்துணைப் பொருத்தமாயின், இருநூறு மீட்டர் நீளச் சரக்குக் கப்பலை ஏன் இதனால் கட்டுவதில்லை என்னும் வினா எழுவது இயல்பே.

வலிமை போதாது என்பர் பலர். அது முழு உண்மையன்று. இழை நெசவைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக இறுக்கிய தகடு, எடைக்கு எடை நோக்கின் எஃகுக்கு இளைத்ததன்று. குறை இருப்பது விறைப்பில்; வளைவை எதிர்க்கும் தன்மையில் அது எஃகின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. பேரலை ஒன்று கப்பலின் நடுப்பகுதியைத் தூக்குங்கால் முனையிரண்டும் தொங்குகின்றன. அலைகள் முனைகளைத் தாங்குங்கால் நடு தொய்கிறது. சிறு படகு இதனை உணர்வதேயில்லை. கலம் நீள நீள இவ்வளைவு பன்மடங்காகிறது. உடல் நெளிந்தால் உந்துவிசிறியைச் சுழற்றும் நெடுந்தண்டும் நேர்கோடு பிறழும். தகட்டைத் தடிப்பாக்கினாலோ செலவு ஏறும். எடைக்குறைவு என்னும் ஆதாயமும் கரையும்.

சங்க நூல்களில் வேலைக் குறித்த எஃகு, ஓரிடத்தில் மட்டும் இழையிடம் தோற்றது. எஃகுடல் காந்தக் கண்ணிவெடியைத் தூண்டிவிடும்; இழைக்குக் காந்தத்தன்மை இல்லை. ஆகவே பிரித்தானியக் கடற்படை, கண்ணிவெடி அகற்றும் 'வில்டன்' என்னும் கலத்தை இழையுடலோடு கட்டி 1973இல் பணியில் சேர்த்தது. அதன் நீளம் ஏறத்தாழ 47 மீட்டர். பின்வந்த 'ஹண்ட்' வகைக் கலங்கள் 60 மீட்டரை எட்டின.

எனினும் தீயை எண்ணும்பொழுது நாம் எஃகின் பக்கமே நிற்க வேண்டியுள்ளது. பிசின் நூறு, இருநூறு பாகை வெப்பத்திலேயே தளர்ந்து, மேலும் சூடேறின் தானே எரிபொருளாகி நச்சுப்புகை கக்கும். 2002 நவம்பரில் நார்வேக் கடற்படையின் 'ஓர்க்லா' என்னும் இழைக்கலம் தீப்பற்றி எரிந்து மூழ்கியது. மாலுமிகள் தப்பினர். நடுக்கடலில் ஓடி ஒதுங்க இடமேது? கடலில் மனித உயிர்ப் பாதுகாப்புக்கான 1974ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை, கப்பலுடல் எஃகாலோ அதற்கு நிகரான பொருளாலோ அமைதல் வேண்டும் என விதிப்பது இதனாலேயே. போர்க்கலங்களுக்கு இவ்விதி இல்லை.

எஃகு துருப்பிடிக்கும், ஓயாது வண்ணம் பூச வேண்டும். ஆயினும் துளை விழுந்தால் பெரும்பாலான துறைமுகங்களில் பற்றவைப்போர் கிடைப்பர். இழையடுக்குகள் உள்ளே பிரிந்தாலோ கண்ணுக்குப் புலப்படுவது அரிது. முதுமையுற்ற எஃகுக் கப்பல் குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைபட்டு, மீண்டும் கட்டடக் கம்பியாகிறது. இழையுடலை அவ்வாறு உருக்க இயலாது, வாங்குவாரும் அரியர்.