வியாகுலப் பிரசங்கம் பாட யார் உளர்?

தவக்காலத்தில் யாழ்ப்பாண, மன்னார்ப் பங்குகளில் வியாகுலப் பிரசங்கம் ஒலிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், 1705இல் கோவாவிலிருந்து இலங்கை வந்து, 1742இல் இறைபதம் எய்தும்வரை இங்கேயே உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழில் எழுதித் தந்த கொடை அது.

நூல் இருக்கின்றது, ஆனால் ஏட்டில் இராகம் இல்லையே! எவ்விடத்தில் குரல் தாழ வேண்டும், எவ்விடத்தில் விம்ம வேண்டும் என்பதை மூத்தோர் அருகில் அமர்ந்தே கற்க வேண்டும். பிள்ளைகளைத் தனியார் கல்வி நிலையங்களுக்கு அனுப்புவதை நான் குறைகூறேன், பரீட்சையும் வேண்டியதே. ஆயினும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, உங்கள் ஆலயத்தில் பிரசங்கம் பாடும் பெரியவரிடம் அவர்களை அனுப்புவீர்களா? பெரிய வெள்ளி நெருங்கட்டும் என்று காத்திராதீர்கள். அவருக்கும் வயது ஏறுகின்றது.