குறட்டையும் இரத்தக் கொதிப்பும்



குறட்டை விடுகிறவர் ஆழ்ந்த நித்திரையில் இருக்கிறார் என்றே நம்மில் அநேகர் எண்ணுகிறோம். ஆனால் பலத்த குறட்டை திடீரென்று நின்று, சில விநாடிகள் மூச்சே இல்லாதிருந்து, பின்பு திணறலோடு மீண்டும் தொடங்குமானால், அது நல்ல நித்திரையின் அடையாளமன்று. 'ஸ்லீப் அப்னியா' என்னும் உறக்க மூச்சுத்தடையாக அது இருக்கலாம். மூன்று வித மாத்திரைகள் உட்கொண்டும் இரத்தக் கொதிப்பு அடங்காதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரீரத்தில் நடப்பது என்ன? உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளருகின்றன. சிலருக்கு அவை மூச்சுப்பாதையையே அடைத்துவிடுகின்றன. பத்து விநாடிகளோ அதற்கு மேலோ மூச்சு தடைபட்டு, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. உடனே மூளை உறங்குகிறவரை அரைகுறையாக எழுப்புகிறது. அட்ரினலின் பெருகி, இரத்தக்குழாய்கள் சுருங்கி, அழுத்தம் ஏறுகிறது. நோய் கடுமையானவருக்கு மூச்சு நிற்பதும் குறைவதுமாக இது மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ நிகழும். இரவில் இரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் தாழ்வதே இயல்பு. இவர்களில் பலருக்கு அந்த இளைப்பாறுதல் கிடைப்பதில்லை. காலப்போக்கில் பகலிலும் அழுத்தம் உயர்ந்தே நிற்கிறது.

இதற்குரிய முக்கிய சிகிச்சையை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய சகாக்களும் 1981-இல் வெளியிட்டார்கள். 'சி-பேப்' என்னும் சிறிய இயந்திரம், மூக்கில் பொருத்திய முகமூடியின் வழியே காற்றை ஒரே அழுத்தத்தில் செலுத்தி, தொண்டை அடைபடாமல் காக்கிறது.

இதனால் இரத்த அழுத்தம் குறையுமா? குறையும், ஆனால் அளவோடுதான். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் உட்கொண்டும் கொதிப்பு அடங்காத 194 பேரை ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் ஆராய்ந்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். 12 வாரங்கள் இக்கருவியை உபயோகித்தவர்களுக்கு, உபயோகியாதவர்களைவிட 24 மணி நேரச் சராசரி அழுத்தம் சுமார் 3 புள்ளிகள் அதிகமாகக் குறைந்தது. இரவில் அழுத்தம் தாழும் இயல்பும் அவர்களில் அதிகமானோருக்குத் திரும்பிற்று. எத்தனை மணி நேரம் அணிந்தார்களோ, அதற்குத்தக்கதாகப் பலனும் கூடிற்று.

3 புள்ளி அற்பமாகத் தோன்றலாம். மாத்திரைகளுக்கு அடங்காதவருக்கோ அதுவும் உதவியே. ஆகிலும் இதனை மாத்திரைக்குப் பதிலாகக் கொள்ளலாகாது. இருதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே உள்ள 2,700-க்கும் அதிகமானோரிடம் நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வில், பகல்நேரத் தூக்க மயக்கம் குறைந்ததேயன்றி, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே கருவியை அணிந்திருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது என்ன? இந்நோயுள்ளவர் தன் குறட்டையை அறியார். அருகில் உறங்குகிறவரே அறிவார். ஆகவே சகோதரிகளே, கணவரின் மூச்சு இரவில் நின்று நின்று வருமானால், நகைத்து விட்டுவிடாமல், மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். சகோதரரே, உங்கள் மனைவிக்கு அவ்விதம் இருந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். குடும்பத்தை ஊரில் விட்டு, நகரத்தில் அறையெடுத்துத் தங்குகிறவர்கள் அறைத் தோழரைக் கேட்டறியலாம். காலைத் தலைவலி, பகலில் அடங்காத தூக்கம் ஆகியவையும் அடையாளங்களே. வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு இத்தூக்கம் உயிராபத்து. இரவுநேர உறக்கப் பரிசோதனை நோயை உறுதிசெய்யும்.

உடல் எடையைக் குறைத்தல், மதுவை அறவே விலக்குதல், மருத்துவர் சொல்லாமல் தூக்க மாத்திரை உட்கொள்ளாதிருத்தல், ஒருக்களித்துப் படுத்தல் ஆகியவையும் துணைசெய்யும். கருவி பரிந்துரைக்கப்பட்டால் இரவு முழுவதும் அணியுங்கள். கொதிப்பு குறைந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதிருங்கள். அதை மருத்துவரே தீர்மானிக்கட்டும்.