முதுகுக்குள் ஒரு வயர்: தீராத நரம்பு வலியும் உள்ளே வைக்கும் கருவியும்

பாரிசின் லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்கப் போகிறவர்கள் ஃபோபூர் சான் துனி வீதியின் 200ஆம் இலக்கத்தை ஒருமுறையாவது தாண்டியிருப்பார்கள். அது பெர்னான் விடால் வைத்தியசாலை. கொஞ்சம் நடந்தால், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லாரிபுவாசியேர். புடவைக் கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் எட்டும் தூரத்தில் இரண்டு பெரிய அரச வைத்தியசாலைகள். ஆனாலும் தீராத நோவோடு திரிகிறவர்களுக்கு அந்தத் தெருவில் குறைவில்லை. குசினியில் நின்ற நிலையில் பாத்திரம் கழுவியவர்கள், விடியப்புறம் முதல் மெற்றோவில் துப்பரவு வேலைக்குப் போனவர்கள், கட்டட வேலையில் சீமெந்து மூட்டை தூக்கியவர்கள். எண்பதுகளில் இளந்தாரியாக வந்து இறங்கியவர்களுக்கு இப்போது அறுபது வயது தாண்டுகிறது. நாரி நோகிறது, கால் எரிகிறது, நித்திரை இல்லை.

மாத்திரை, ஊசி, தைலம், கடைசியில் முதுகில் ஒரு சத்திரசிகிச்சை என்று எல்லாம் பார்த்தும் வலி விடாதவர்களில் சிலரிடம் வைத்தியர் ஒரு பெயரைச் சொல்வார்: நேரோஸ்திமுலத்தேர். முதுகெலும்புக்குள் வயர், தோலுக்கடியில் பற்றரி. கேட்டதும் நடுங்குகிறவர்களும் உண்டு, இனி எல்லாம் தீர்ந்தது என்று துள்ளுகிறவர்களும் உண்டு. இந்தச் சிகிச்சை பலிக்கிறதா என்பதை எந்த ஸ்கானும் காட்டித் தராது. நோயாளிதான் வாய் திறந்து சொல்லவேண்டும். பிரெஞ்சு சரளமாக வராத நம்மவருக்குச் சிக்கல் தொடங்குகிற இடமும் அதுதான்.

கருவி செய்வது என்ன

1965இல் ரொனால்ட் மெல்சாக், பட்ரிக் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். வலிச் செய்தி நேரே மூளைக்கு ஓடிவிடுவதில்லை, முண்ணாணில் அதற்கு ஒரு கதவு இருக்கிறது, தொடுகையைக் கொண்டுவரும் தடித்த நரம்புகள் வேலை செய்தால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும் என்பது அதன் சாரம். அடிபட்ட இடத்தை நாமாகவே தேய்த்துவிடுவது ஏன் சுகமாயிருக்கிறது என்பதற்கும் இதுவே விளக்கம். இரண்டு வருடம் கழித்து, 1967இல், நோர்மன் ஷீலி என்ற அமெரிக்க நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோய் வலியில் துடித்த ஒருவருக்கு முண்ணாணின் மேல் மின்முனை வைத்துப் பார்த்தார். இன்றைய கருவிகளெல்லாம் அந்த வழியில் வந்தவை.

வயர் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புக்கூட இராது. நுனியில் வரிசையாகப் பெரும்பாலும் எட்டு மின்முனைகள். முண்ணாணைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே, முள்ளந்தண்டுக்குள் இருக்கும் ஒடுங்கிய இடைவெளியில் அது படுத்திருக்கும். மறுமுனை தோலுக்கடியால் ஓடி, இடுப்புக்கு மேலோ பிட்டத்திலோ வயிற்றுப் பக்கத்திலோ புதைத்த பற்றரிப் பெட்டியில் முடியும். பழைய முறையில் செக்கனுக்கு நாற்பது, ஐம்பது தடவை துடிப்பு வரும். வலிக்கிற இடத்தில் வலிக்குப் பதில் ஒருவிதக் கூச்சம் தெரியும். செக்கனுக்குப் பத்தாயிரம் துடிப்பு அனுப்பும் வகை 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் கூச்சமே தெரியாது. வலிக்குக் காரணமான சேதம் எதையும் இந்தக் கருவி திருத்துவதில்லை. வலிச் செய்தியைக் குழப்புகிறது, அவ்வளவுதான்.

எல்லா முதுகு வலிக்கும் அல்ல

பிரான்சில் இந்தக் கருவிக்குச் சமூகக் காப்புறுதி காசு கொடுக்கிறது, ஆனால் கேட்டவர்க்கெல்லாம் அல்ல. மற்றச் சிகிச்சைகள் தோற்ற பிறகும் விடாத நரம்பு வலியாக இருக்கவேண்டும்: முதுகுச் சத்திரசிகிச்சைக்குப் பின்னும் காலால் இறங்குகிற வலி, நீரிழிவால் வந்த நரம்புச் சேதம், அக்கி போன பிறகும் நிற்கும் எரிவு, காயத்தால் அறுந்த அல்லது நசிந்த நரம்பு, கைகால் வீங்கி நிறம் மாறித் தொடவே விடாத ஒருவகை வலிநோய். புகைபிடிப்பவர்களுக்கு இரத்தக்குழாய் அடைத்து வரும் பேர்கர் நோயின் வலியும் பட்டியலில் உண்டு. நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. வெறும் நாரிப்பிடிப்புக்கும் மூட்டுத் தேய்வுக்கும் இது மருந்தல்ல.

போகிற வழி குடும்ப வைத்தியரிடமிருந்து தொடங்கும். அவர் கடிதம் தந்தால்தான் நாட்பட்ட வலிக்கான சிறப்புப் பிரிவில் நாள் கிடைக்கும். அதற்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். 2002 மார்ச் 4ஆம் திகதிய நோயாளர் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, வலிக்குச் சிகிச்சை பெறுவது இந்த நாட்டில் உரிமை. ‘வயசு போனால் நோகத்தானே செய்யும்’ என்று சொல்லி அனுப்பினால், கடிதம் தரும்படி திரும்பக் கேளுங்கள்.

எப்படி நோகிறது என்று சொல்லுங்கள்

வலிப் பிரிவில் பெரும்பாலும் முதலில் போடுகிற கேள்வித்தாள் ‘தே என் கத்ர்’. 2005இல் பிரெஞ்சு ஆய்வாளர்களே உருவாக்கியது. பத்து அம்சங்கள்; நாலுக்கு ‘ஓம்’ என்று வந்தால் நரம்பு வலி என்று எடுப்பார்கள். அவற்றில் மூன்று, வைத்தியர் தொட்டும் குத்தியும் பார்ப்பவை. மற்ற ஏழும் உங்கள் வாயிலிருந்து வரவேண்டியவை: எரிகிறதா, குளிர்ந்து நோகிறதா, கறண்ட் அடிப்பது போல் இழுக்கிறதா, கூசுகிறதா, ஊசி குத்துகிறதா, விறைக்கிறதா, அரிக்கிறதா.

இப்போது நடப்பதைப் பாருங்கள். கூட வந்த மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள். அப்பா, “சுள்ளெண்டு இழுத்துப் பிறகு பாதம் விறைச்சுப் போகுது பிள்ளை” என்கிறார். அவள் “சா ஃபே மால்” என்கிறாள். நோகிறதாம். ஏழு கேள்வியில் இரண்டுக்கு வந்த பதில் அந்த இடத்திலேயே காணாமல் போய்விட்டது. சலம் போவதில் கஷ்டம், தாம்பத்தியத்தில் கஷ்டம் என்பவற்றை மகளின் முன்னால் அவர் சொல்லவே போவதில்லை. அவையும் வைத்தியர் அறியவேண்டியவை.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பாரிஸ் அரச வைத்தியசாலைகள் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துக் கதைக்கும் ஏற்பாடு பழையது. 2016ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்திலும் மருத்துவ மொழிபெயர்ப்புக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நாள் எடுக்கும்போதே ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று சொல்லிவைத்தால் நல்லது. அன்று போய் நின்று கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

இன்னொன்றும் மறக்காமல் சொல்லவேண்டும். போரில் பட்ட செல் துண்டு உடம்பில் இருக்கிறதா? கருவி வைக்குமுன் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், அந்தக் காந்தத்துக்குள் இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம். முப்பது வருடத்துக்கு முந்தின காயம், ஆறிப்போனது என்று விடாதீர்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

“எனக்கென்ன விசரோ?”

கருவி வைப்பதை ஒரு வைத்தியர் தனியே தீர்மானிப்பதில்லை. குழு கூடித் தீர்மானிக்கும். அதில் உளவியலாளரின் சந்திப்பும் உண்டு. நம்மவர் பலர் கோபித்துக்கொண்டு எழும்புவது இந்த இடத்தில்தான். உங்கள் வலி பொய் என்று அவர் நினைத்துக் கூப்பிடவில்லை. மனச்சோர்வும் நித்திரைக் குறைவும் வலியைப் பெருக்கும். அவற்றைப் பார்க்காமல் கருவி வைத்தால் பலன் குறையும். போரையும் தடுப்பு முகாமையும் கண்டு வந்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கென்றே 1995 முதல் பாரிசில் இயங்கும் பிறிமோ லெவி நிலையத்தைப் பற்றியும் அந்தச் சந்திப்பில் விசாரிக்கலாம்.

ஒத்திகை நாட்கள்

கருவியை எடுத்தவுடன் புதைத்துவிட மாட்டார்கள். முதலில் வயரை மட்டும் உள்ளே விட்டு, பற்றரியை வெளியே இடுப்பில் கட்டி, ஒரு வாரம், பத்து நாள் என்று வீட்டிலும் வைத்துப் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம். எனக்கு இந்தச் சிகிச்சையில் மிகப் பிடித்த அம்சம் இதுதான். முழங்கால் மாற்றுவதை ஒத்திகை பார்க்க முடியாது, இதைப் பார்க்கலாம். ஆனால் நம்மில் பலர் இந்த நாட்களைக் கட்டிலில் படுத்துக் கழித்துவிட்டு, “இப்ப பரவாயில்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். படுத்திருந்தால் யாருக்கும் பரவாயில்லைத்தான்.

தையல் பாரமான வேலைக்கு விடாது. குனியவும் முறுகவும் கூடாது என்பார்கள். அந்த எல்லைக்குள் நடந்து பாருங்கள்: லாச்சப்பல் மெற்றோவின் படிகளை ஏறுங்கள், ரொட்டி வாங்கும் வரிசையில் நில்லுங்கள், இரவு எத்தனை தடவை எழும்பினீர்கள் என்று எழுதிவையுங்கள். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலிக்குப் புள்ளி போடச் சொல்வார்கள். வைத்தியர் மனம் கோணக்கூடாது என்று குறைத்துப் போடுகிற மரியாதை நம்மிடம் இருக்கிறது. அந்த மரியாதையால் பலன் தராத கருவி ஒன்று உடம்புக்குள் போய்விடும்.

மின்துடிப்பைச் சரிபார்க்கும் நேரத்தை ஒருமுறை கிட்ட நின்று பார்த்தால் மொழி எவ்வளவு முக்கியம் என்று விளங்கும். தாதி ஒரு டப்லெட்டில் விரலை மெல்ல நகர்த்துகிறார். “எங்கே தெரிகிறது?” விலாவில். ஒரு மின்முனை கீழே மாற்றுகிறார். இப்போது தொடையில். இன்னும் கீழே. “பாதத்துக்கு வந்திட்டுது, பெருவிரல் பக்கம் மட்டும் இல்லை.” இந்தக் கடைசிச் சொற்களைக் கேட்டுத்தான் அவர் அடுத்த அசைவைச் செய்கிறார். வெறுமனே ‘சா வா’, பரவாயில்லை, என்று தலையாட்டினால் கருவி பாதி வேலையோடு வீட்டுக்குப் போகும்.

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை

2007இல் வெளியான ஆய்வில், முதுகுச் சத்திரசிகிச்சை தோற்ற நூறு பேர் சேர்ந்தார்கள். ஆறு மாதத்தில் கால் வலி பாதியாவது குறைந்தவர்கள், கருவி வைத்தவர்களில் 48 வீதம். மருந்தோடு மட்டும் இருந்தவர்களில் 9 வீதம். நல்ல பலன்தான். ஆனால் கருவி வைத்தவர்களிலும் பாதிப்பேருக்கு அந்த அளவு குறையவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. 2022இல் நோர்வேயில் ஐம்பது பேருக்குக் கருவியை, அவர்களுக்குத் தெரியாமலே, சில மாதம் போட்டும் சில மாதம் நிறுத்தியும் பார்த்தார்கள்; அன்றாட இயக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் பயன்படுத்திய துடிப்பு முறை சரியில்லை என்று எதிர்வாதமும் எழுந்தது. 2023இல், ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கொக்ரேன் மதிப்பாய்வு, கீழ்முதுகு வலிக்கு நீடித்த பலன் இருப்பதாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றது. முதல் வருடங்களில் வேலைசெய்து, போகப்போக மங்குவதும் உண்டு. கைகால் வலிநோய்க்கு நெதர்லாந்தில் செய்த ஆய்வில் ஐந்து வருட முடிவில் கருவியின் அனுகூலம் கரைந்துவிட்டிருந்தது.

பக்க விளைவுகளையும் மூடிவைக்கத் தேவையில்லை. வயர் இடம் நகரலாம், அறுந்து போகலாம், பெட்டி இருக்கும் இடம் நோகலாம், கிருமி தொற்றலாம். தொற்று வந்தால் பெரும்பாலும் முழுவதையும் வெளியே எடுக்கவேண்டிவரும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அந்த ஆபத்து கூட. 2018இல் சர்வதேசப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு ஒன்று, இக்கருவிகள் பற்றி அமெரிக்க அதிகாரிகளுக்கு 2008 முதல் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் போயிருப்பதை வெளியே கொண்டுவந்தது. என் அபிப்பிராயம்: காலால் இறங்கும் நரம்பு வலிக்கு, ஒத்திகை உண்மையாக வென்றால், துணிந்து போகலாம். முதுகு மட்டும் நோகிறவர் இரண்டாவது வைத்தியரிடமும் கேட்கட்டும்.

வைத்த பிறகு: குசினி, கோயில், பயணம்

முதல் ஆறு, எட்டுக் கிழமை வயர் உள்ளே பிடித்துக்கொள்ளும் காலம். குனிதல், முறுகுதல், கையைத் தலைக்கு மேல் தூக்குதல், பாரம் தூக்குதல் எல்லாவற்றுக்கும் ஓய்வு. ரூ பாஜோல் மாணிக்க விநாயகர் கோயில் தேர் ஆவணியில் வருகிறதென்றால் சத்திரசிகிச்சை நாளை அதற்கேற்பப் பேசித் தீர்மானியுங்கள். பிரதட்டையும் காவடியும் முதுகில் வயர் உள்ளவருக்குப் பிறகும் சரிவராது. நேர்த்தி வைத்திருந்தால் வேறு விதமாகத் தீர்க்கலாம்.

றெஸ்ரோறன்ற் வேலைக்காரர் கவனிக்கவேண்டியது இன்டக்ஷன் அடுப்பு. அது வேலைசெய்துகொண்டிருக்கும்போது பற்றரிப் பெட்டி இருக்கும் பக்கம் அதில் சாயக்கூடாது. வெல்டிங் வேலை செய்கிறவர் வைத்தியரிடம் முன்பே கேட்கவேண்டும். லீவில் இருக்கும்போதே தொழில் வைத்தியரைச் சந்தித்தால் வேலையை மாற்றித் தரும்படி அவர் எழுதலாம். மாற்றுத்திறனாளித் தொழிலாளர் என்ற அங்கீகாரத்துக்கும் விண்ணப்பிக்கலாம். கூச்சம் தரும் வகைக் கருவியானால், வாகனம் ஓட்டும்போது நிறுத்தச் சொல்வார்கள்.

பிசியோதெரபிக்குப் போனால், கருவி இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். உடம்புக்குள் சூடேற்றும் மின்சிகிச்சை ஒன்று உண்டு. அது வயரைச் சூடாக்கி நரம்பையே கருக்கிவிடும். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிவந்தால், எந்த மாதிரிக் கருவி என்று பார்த்து, நிபந்தனைகளோடுதான் எடுப்பார்கள். மின்னேற்றும் வகையை ஒழுங்காகச் சார்ஜ் பண்ணவேண்டும். அது பத்து வருடம்வரை உழைக்கலாம். மற்ற வகையில் சில வருடங்களில் பெட்டியை மாற்ற மீண்டும் ஒரு சின்னச் சத்திரசிகிச்சை.

ஊருக்குப் போகிறவர்கள் கருவியோடு தரும் அட்டையைக் கடவுச்சீட்டோடு வையுங்கள். சார்ஜர் கைப்பையில். விமான நிலையக் கதவுக்குள் நுழையுமுன் அட்டையைக் காட்டினால் கையால் சோதிப்பார்கள். கடைகளின் திருட்டுத் தடுப்புக் கதவில் நிற்காமல் நடுவால் நடந்து போய்விடுங்கள். யாழ்ப்பாணத்தில் துடிப்பை மாற்றித்தர ஆள் இருக்கும் என்று நம்பிப் போகவேண்டாம்; புறப்படுமுன் இங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டார் அறிந்திருக்கவேண்டிய ஒன்றும் உண்டு: தகனத்துக்கு முன் பற்றரியுள்ள கருவியை அகற்றவேண்டும் என்பது பிரெஞ்சு விதி. நம் வீடுகளில் இதைப் பேசமாட்டார்கள், ஆனால் அட்டை எங்கே இருக்கிறது என்பதாவது ஒருவருக்குத் தெரியட்டும்.

தாமதிக்கக்கூடாதவை

காயம் சிவந்து சூடாகி நீர் வடிதல், காய்ச்சல், பெட்டியின் மேல் தோல் மெலிந்து பளபளத்தல் ஆகியவை தெரிந்தால் அன்றே வைத்தியசாலைக்கு அழையுங்கள். வலி திடீரென்று பழையபடி வந்தால் அல்லது மின்துடிப்பு வேறிடத்தில் அடித்தால் வயர் நகர்ந்திருக்கலாம். கருவியை நிறுத்திவிட்டுப் பிரிவுக்குச் சொல்லுங்கள். கால்கள் பலமிழந்தால், சலம் கட்டினால் அல்லது கட்டுப்பாடில்லாமல் போனால், 15ஐ அழையுங்கள். அழைப்பவர் முதலில் சொல்லவேண்டியது: ‘நேரோஸ்திமுலத்தேர் மெதுலேர்’, அதாவது முண்ணாணில் வைத்த கருவி. அந்தப் பிரெஞ்சுச் சொற்களை ஒரு துண்டில் தமிழ் எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில், வைத்தியசாலை இலக்கத்துக்குக் கீழே ஒட்டிவையுங்கள்.