ஊரைச் சொல்லிச் சிரிக்கலாமா?

"திருநெல்வேலிக்கே அல்வாவா?" என்று யாராவது கேட்டால், தேக்காவில் நிற்கும் தமிழர் பலருக்கும் உடனே பொருள் விளங்கிவிடும். அல்வா கொடுப்பது என்றால் ஏமாற்றுவது. அந்தப் பண்டத்துக்குப் பேர்போன ஊரிலேயே அதைச் செய்யப் பார்க்கிறாயே என்பது கேலி.

இப்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முத்திரை உண்டு. கோவைக்காரர் திட்டும்போதும் "ங்க" போட்டு மரியாதையாகத் திட்டுவாராம். செட்டிநாட்டார் காசில் கண்ணாக இருப்பாராம். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது யாழ்ப்பாணத்தார் சொல்லும் கேலி. உலகெங்கும் இதே கதைதான். லித்துவேனியாவில் சுவால்கியா வட்டாரத்தாரைக் கஞ்சர் என்றும், ஜெமைத்தியா வட்டாரத்தாரைப் பிடிவாதக்காரர் என்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இந்த முத்திரைகள் எங்கிருந்து வந்தன? பேச்சு வழக்கு ஒரு காரணம். நெல்லையின் "ஏலே"யும் கொங்கு நாட்டின் "ஏனுங்க"வும் வாயைத் திறந்ததும் ஊரைக் காட்டிவிடும். தொழில் இன்னொரு காரணம். சிங்கப்பூரில் நகரத்தார் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் வட்டித் தொழில் நடத்தினார்கள். கணக்குப் பார்ப்பது அந்தத் தொழிலின் தேவை. வெளியில் நின்று பார்த்தவர்கள் அதையே பிறவிக் குணமாக்கிவிட்டார்கள். அதே நகரத்தார்தாம் 1859இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பினார்கள். அந்தக் கொடை கேலிக் கதையில் இடம் பெறுவதில்லை.

மூன்றாவது காரணம் வழக்கம். மட்டக்களப்பில் மணமகன் பெண் வீட்டோடு போய் வாழ்வது மரபு. வேலைக்கு வந்த வெளியூர் இளைஞர் அங்கேயே மணந்து தங்கிவிட்டால், பிறந்த ஊரில் அதற்கு மந்திரம்தான் காரணம் என்று பேசினார்கள். பாயில் ஒட்டவைத்தது உறவு என்று சொன்னால் சிரிப்பு வராதல்லவா?

கிறிஸ்டி டேவிஸ் என்ற சமூகவியலாளர் 1990இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். மக்கள் தங்களுக்கு முற்றிலும் அந்நியமானவர்களைவிட, தங்களைப் போலவே இருந்து சற்றே வேறுபடும் பக்கத்தாரைத்தான் மடையராக்கிச் சிரிக்கிறார்களாம். பிரெஞ்சுக்காரருக்குப் பெல்ஜியத்தார் அப்படி. ஆகவே ஊர்க் கேலி ஒருவகையில் உறவின் அடையாளம்.

சிங்கப்பூரில் இந்த உறவே மாறிவிட்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கிய பின், பழைய குடியிருப்புகள் கலைந்து தமிழர் தீவெங்கும் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். தஞ்சைக்கும் நெல்லைக்கும் உள்ள வேற்றுமை பேரப்பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அந்த இடத்தில் வேறொரு கோடு விழுந்திருக்கிறது. இங்கே பிறந்தவர் ஒரு பக்கம். அண்மையில் ஊரிலிருந்து வந்தவர் மறுபக்கம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூடும் தொழிலாளியின் பேச்சையும் உடையையும் வைத்துக் கேலி பிறக்கிறது.

பழைய கேலியில் இரு தரப்பும் திருப்பிக் கொடுக்க முடிந்தது. நெல்லைக்காரரும் கோவைக்காரரும் ஒரே மேசையில் தேநீர் குடித்தபடி ஒருவரை ஒருவர் வாரினார்கள். இன்று கேலிக்கு ஆளாகும் தொழிலாளி அந்த மேசையில் இல்லை. பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பும் இல்லை. அப்போது சிரிப்பு ஒருவழிப் பாதையாகிவிடுகிறது. அந்தக் கேலியே வேலை கொடுக்கும்போதும், வீடு வாடகைக்கு விடும்போதும், பெண் பார்க்கும்போதும் நினைவுக்கு வருமானால், அது தீர்ப்பாகவே மாறிவிடுகிறது.

ஒரு சோதனை போதும். சம்பந்தப்பட்டவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அதே கேலியைச் சொல்ல முடியுமா? அவரும் நம்மைப் பற்றி ஒன்று சொல்ல, நாம் சிரிப்போமா? இரண்டுக்கும் "ஆம்" என்றால், தாராளமாகச் சிரிக்கலாம்.