லேப்டாப்பில் மெமரி கூட்டுமுன் கவனிக்க வேண்டியவை

2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபின் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நம்மில் பலர் கடை மேசையில் சிறிய லேப்டாப் ஒன்றை வைத்து பில் போட்டு வருகிறோம். சரக்குக் கணக்கு வளர வளர அது மெதுவாகிறது. உடனே ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவில் இருப்பதிலேயே பெரிய மெமரியாக வாங்கி வந்து விடுகிறோம். அது பொருந்தாவிட்டால் பணமும் முடங்குகிறது, பில் வேலையும் நிற்கிறது. 2025 கடைசியில் மெமரி விலை கடுமையாக ஏறியது. ஆகவே விபரம் தெரிந்து வாங்குவது அவசியம்.

ஹார்டு டிஸ்க் குடோன் என்றால் மெமரி கல்லா மேசை. மேசை சிறிதானால் ஒவ்வொரு சரக்குக்கும் குடோனுக்கு ஓட வேண்டும். ஆனால் எந்த மேசையும் எந்தக் கடைக்கும் பொருந்தாது. நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. தலைமுறை: டி.டி.ஆர்.3 மெமரிக்கு 204 பின்கள், டி.டி.ஆர்.4க்கு 260, டி.டி.ஆர்.5க்கு 262. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. அழுத்தினால் ஸ்லாட் உடையும். டி.டி.ஆர்.3லேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என இரு வகை உண்டு. இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் செலரான் என்2840 போன்ற பிராசசர் உள்ள சிறிய லேப்டாப்புகளுக்கு 1.35 வோல்ட் வகையே வேண்டும். அதை டி.டி.ஆர்.3 எல் என்பார்கள்.

2. பிராசசரின் வரம்பு: பத்து கிலோ தராசில் மூட்டையை ஏற்ற முடியுமா? இன்டெல் நிறுவனம் ஒவ்வொரு பிராசசருக்கும் உச்ச அளவு அறிவித்துள்ளது. பழைய ஆட்டம் என்450க்கு 2 ஜி.பி., செலரான் என்4020க்கு 8 ஜி.பி., என்100க்கு 16 ஜி.பி. அதற்கு மேல் போட்டுச் சில வேளை ஓடினாலும் உத்தரவாதம் இல்லை. மெமரிப் பலகையில் உள்ள சில்லுகளும் முக்கியம். 4 கிகாபிட் சில்லு 16 சேர்ந்தால் 8 ஜி.பி.; 8 கிகாபிட் சில்லு 16 சேர்ந்தால் 16 ஜி.பி. இன்டெல் நான்காம் தலைமுறை கோர் பிராசசர்களுக்கு 8 கிகாபிட் டி.டி.ஆர்.3 சில்லைப் படிக்கத் தெரியாது. ஐந்தாம் தலைமுறைக்குத் தெரியும். ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்த 16 ஜி.பி. மெமரி உயிர் பெறாமல் போவதற்கு இதுவே காரணம்.

3. ஒட்டிய மெமரி: மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் மெமரியை மதர்போர்டிலேயே பற்ற வைத்து விடுகிறார்கள். மேக்புக் ஏர் அப்படிப்பட்டதே. இவற்றில் பிறகு கூட்ட இயலாது. வாங்கும்போதே போதிய அளவு வாங்க வேண்டும்.

4. விண்டோஸ்: 32 பிட் விண்டோஸ் 10 எத்தனை மெமரி போட்டாலும் 4 ஜி.பி.க்கு மேல் பயன்படுத்தாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்து விட்டது. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே. அதற்குக் குறைந்தது 4 ஜி.பி. வேண்டும்.

சோதிப்பது எப்படி? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி என்று போனால் எவ்வளவு உபயோகத்தில் உள்ளது, எத்தனை ஸ்லாட் என்பது தெரியும். பில் போடும் நேரத்திலும் பாதி மெமரி காலியாக இருந்தால் குறை மெமரியில் இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்கை எஸ்.எஸ்.டி.யாக மாற்றுவதே பலன் தரும்.

வாங்கப் போகும்போது லேப்டாப்பையும் கையோடு கொண்டு செல்ல வேண்டும். மாட்டி, ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்கினால், காம்போசிஷனில் இல்லாத பதிவு பெற்ற வணிகர்கள் கடைக்கு வாங்கிய பொருளின் வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கெடு நாட்கள். அவற்றை ஒட்டி லேப்டாப்பைப் பிரிக்கக் கூடாது. பிரிக்குமுன் கணக்கு முழுவதையும் பென் டிரைவில் நகல் எடுத்து வைப்போம். மெமரி போனால் வேறு வாங்கலாம், கணக்கு போனால் வாங்க முடியாது.